பனையேறி என்று நான் சொன்னது மீனை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்பு முடியுமுன்பே நின்றுபோனவள். பாதி மறந்தும் போயிற்று. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோபம் மட்டும் மறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ராஜபாளையத்தில் மகள் வீட்டில் இருந்தபோது அவள் ஒரு புத்தகத்தை உரக்கப் படித்தாள். முதுகெலும்புள்ள உயிர்கள் எல்லாம் முதலில் தண்ணீரில் மீனாகத்தான் இருந்தனவாம். ஆழமில்லாத, கெட்டுப்போன நீரில் சில மீன்கள் காற்றை விழுங்கிப் பிழைத்தனவாம். தடித்த துடுப்பை ஊன்றி ஊன்றி நகர்ந்து, எண்ண முடியாத தலைமுறைக்குப் பிறகு அந்தத் துடுப்பே காலாயிற்றாம். தவளை, ஓணான், மாடு, நாம் எல்லாரும் அந்த வழிதானாம்.

"அதிசயமா இருக்குல்லம்மா" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மீன் கரையேறும் என்று பத்து வயதில் சொன்னவள் நான். சொன்னதற்காகப் படிப்பை இழந்தேன்.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தோம். என் அம்மா கண்மாய் மீனைக் கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பார். மற்ற மீன்கள் சீக்கிரமே செத்துக் கிடக்க, ஒன்று மட்டும் உச்சிப்பொழுதிலும் வாயைத் திறந்து திறந்து மூடும். அதற்குப் பனையேறி என்று பெயர். கோடைமழை பெய்த ஒரு காலையில், வற்றிய கண்மாயின் ஒரு குட்டையிலிருந்து அடுத்த பள்ளத்துக்கு ஏழெட்டு பனையேறிகள் ஈர மண்ணில் போனதை நானே பார்த்தேன். செவுள் மூடியை விரித்து மண்ணில் குத்தும், வாலால் உந்தும், நிற்கும், மறுபடி குத்தும். பனைமரத்தில் ஏறியதை நான் பார்த்ததில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவின் தகப்பனார் தெற்கே பனை ஏறிப் பிழைத்தவர். அதனால் அவரையும் ஊரில் சிலர் முதுகுக்குப் பின்னால் பனையேறி என்று சொல்லிச் சிரிப்பது எனக்கு அப்போது தெரியாது. நான் கூச்சப் பிள்ளை, வகுப்பில் வாய் திறக்க மாட்டேன். ஆனால் நன்றாக எழுதுவேன். நாலாம் வகுப்பு தேறினால் விடுதிப் பள்ளிக்கு அனுப்புவதாகவும், நானும் ஒருநாள் வாத்தியாரம்மா ஆகலாம் என்றும் அவரே சொல்லியிருந்தார்.

ஒருநாள் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் சோதிக்க வந்தார். பட்டணத்துக்காரர். "தண்ணீரிலும் இருக்கும், தரைக்கும் வரும். அது என்ன?" என்று கேட்டார். தவளை என்று எல்லாருக்கும் தெரியும், பயத்தில் யாரும் பேசவில்லை. கண்மாயில் பார்த்த மீன்தான் எனக்கு நினைவுக்கு வந்தது, முதல் தடவையாக நான் எழுந்தேன். வாத்தியாரம்மாவுக்குச் சந்தோஷம்.

"சொல்லுட்டி" என்றார்.

"பனையேறி" என்றேன்.

இன்ஸ்பெக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பனையேறி தண்ணியிலயா இருக்கான்? பள்ளிக்கூடத்துக்குள்ளயே வந்துட்டான்னு சொல்றியா?" என்று வாத்தியாரம்மாவை ஒரு பார்வை பார்த்தார். வாத்தியாரம்மாவின் குடும்பம் தெரிந்த ஆள்தான். பிள்ளைகளும் சிரித்தார்கள். மீன் என்று ஒரு சொல் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் வாத்தியாரம்மா என்னை வாசலிலேயே நிறுத்தினார். "இனிமே என்னைய அப்படிச் சொல்ல மாட்டேன்னு எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேளு. பொறவு உள்ள வா."

அவரை ஒரு தடவைகூட அப்படிச் சொல்லாதவள் இனிமேல் சொல்ல மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நின்றுகொண்டே இருந்தேன். பிறகு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அழுதேன்.

அம்மா கூடையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஒரு பனையேறியை எடுத்துத் தளத்தில் விட்டார். அது இரண்டு முழம் போயிற்று.

"பாருங்கம்மா, எம்மவ சொன்னது இதைத்தான். ஒங்க வீட்டுக்கே எம்புட்டு தடவ குடுத்திருக்கேன்."

"எனக்குத் தெரியாதா இந்த மீனை?" என்றார் வாத்தியாரம்மா, குரலைத் தாழ்த்தி. "இவ மேல தப்பில்ல. ஆனா சிரிச்சதுக அம்புட்டும் உள்ள உக்காந்திருக்கு. இவ கேக்காம உள்ள வந்தா நாளைக்கு ஒவ்வொண்ணும் என்னைய அப்படித்தான் கூப்பிடும்."

"அப்ப சிரிச்ச அந்த ஐயாவ மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க."

வாத்தியாரம்மா வகுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவியளக் கேக்க முடியாது, எம்மவளக் கேக்க முடியுதாக்கும். வாட்டி" என்று அம்மா மீனைக் கூடையில் போட்டார். தெருமுனை வரை நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. அதோடு என் படிப்பு முடிந்தது.

வாத்தியாரம்மாவுக்கு நேர்ந்தது பெரிய அவமானம்தான். இந்த வயதில் அது புரிகிறது. புரிந்தும் மனம் ஆறவில்லை. தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். சிரித்த மனிதர் சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். இரண்டு பெண்களில் இளைத்தவள் வெளியே நின்றாள்.

புத்தகத்தில் உள்ளது பனையேறி இல்லை, அது வேறு மீன் வம்சம், நம் ஊர் மீன் காற்றை மூச்சாக்கத் தனியாகக் கற்றுக்கொண்டது என்கிறாள் மகள். இருக்கலாம். நிறுத்தாமல் படித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். விவரம் தெரிந்தவர்கள் யாராவது நான் எழுதியதைச் சரிபார்க்க வேண்டும். மீனைப் பற்றியும் பார்க்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய பதிவேடு கிடைத்தால், நான் நின்றதற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வீட்டு வேலை என்றோ, படிப்பில் விருப்பமில்லை என்றோ இருந்தால் அது பொய்.