லவீனா எழுதிக் கொடுத்த மனு

லவீனாவுக்கு இருபத்தொன்பது வயது வரைக்கும் எந்த நாட்டிலும் வாக்குரிமை இருக்கவில்லை. அவள் பிறந்தது தமிழ்நாட்டில், ஓர் அகதி முகாமில். தொண்ணூறாம் ஆண்டு தகப்பன் கிறகோரியும் தாய் கத்தரீனாவும் சண்டைக்குத் தப்பி இலங்கையிலிருந்து வள்ளமேறி அக்கரை போனார்கள். அடுத்த வருடம் இவள் பிறந்தாள்.

முகாமில் அதிகாரி வந்து ஆட்களை எண்ணும் நாளில் எல்லோரும் வீட்டில் இருக்கவேண்டும். தேர்தல் வந்தால் அக்கம்பக்கத்துச் சனம் விரலில் மையோடு திரும்பிவரும். முகாம்காரர் வாசலில் நின்று அதைப் பார்ப்பார்கள். பதினேழு வயதில் ஒருமுறை, குழாயில் ஒரு கிழமையாகத் தண்ணீர் வரவில்லை என்று லவீனா அதிகாரியிடம் குரலை உயர்த்திவிட்டாள். அன்றைக்குக் கிறகோரி பயந்துபோனார்.

"வாயை மூடிக்கொண்டிரு பிள்ளை. இது எங்கடை நாடில்லை. ஊருக்குப் போனாப்பிறகு எவ்வளவெண்டாலும் கதை."

அவர் ஊருக்குத் திரும்பவில்லை. முகாமிலேயே நெஞ்சு வலியில் இறந்துபோனார். இரண்டாயிரத்துப் பதினேழில் லவீனா தாயோடும் கணவன் றஞ்சித்தோடும் விமானத்தில் வந்து இறங்கினாள். ஆழமில்லாத பரவைக்கடலோரத்தில் கிறகோரியின் பழைய காணி இருந்தது. ஊரின் பெயரை எழுதவேண்டாம் என்று அவள் என்னிடம் கேட்டிருக்கிறாள்.

முதல் இரண்டு வருடங்களும் கந்தோர் கந்தோராக அலைந்தே கழிந்தன. பிறப்புப் பத்திரம் இந்தியாவுடையது, பிரசாவுரிமைச் சான்றிதழ் இல்லாமல் அடையாள அட்டை இல்லை, அடையாள அட்டை இல்லாமல் வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை. எல்லாம் ஒருவழியாகக் கைக்கு வந்து, இரண்டாயிரத்து இருபதில் அவள் முதல்முறையாக வாக்களித்தாள். இடது கைச் சின்னவிரலில் பூசிய மை அழிந்துவிடக்கூடாது என்று இரண்டு நாள் மற்றக் கையால் சமைத்தாளாம். கத்தரீனா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கரையில் அவளுக்கு வேலை, வலையில் சிக்கிவரும் நண்டுகளைக் கழற்றுவது. வற்றுத் தண்ணீர் நேரத்தில் மற்றப் பெண்களோடு முழங்கால் ஆழத்தில் இறங்கி மட்டி பொறுக்குவாள். ஆரம்பத்தில் அவள் வாயைத் திறந்தாலே பெண்கள் சிரித்தார்கள். 'ஆமா' என்று வருவதை விழுங்கி 'ஓம்' என்று சொல்லப் பழகினாள். பக்கத்து வீட்டு யோசப்பின் என்பவள் மட்டும் சிரிக்கவில்லை. இவளைவிட மூன்று வயது மூத்தவள். இருவரும் ஒரே வலையின் இரண்டு பக்கமும் இருந்து நண்டு கழற்றுவார்கள். றஞ்சித், கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் கிறிஸ்ரோபரின் வள்ளத்தில் தொழிலுக்குப் போனான்.

முகாமில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், கையெழுத்தும் மணி மணியாக இருக்கும் என்பதால் மாதர் சங்கத்துக்குச் செயலாளராக அவளையே தெரிவு செய்தார்கள். கை தூக்கித் தெரிவு செய்தார்கள் என்பதை அவள் இன்றைக்கும் அழுத்திச் சொல்வாள்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்றில் வெளியிடத்துக் கொம்பனியொன்று கடலட்டைப் பண்ணை போட வந்தது. அவர்கள் கேட்ட இடம், பெண்கள் மட்டி பொறுக்கும் அந்த ஆழமில்லாத கடல். தடி நட்டு வலையால் அடைத்துவிட்டால் பிறகு அதற்குள் யாரும் கால்வைக்க முடியாது. கிறிஸ்ரோபர் ஒரு பின்னேரம் வீட்டுக்கே வந்தார்.

"தங்கச்சி, நாங்கள் ஆம்பிளையள் கதைச்சால் அரசியல் எண்டு தள்ளிப்போடுவாங்கள். பொம்பிளையள் எழுதிக் குடுத்தால்தான் எடுபடும். நீ எழுது. சங்கம் உன்ரை பின்னாலை நிக்கும்."

"அண்ணை, எனக்கு ஒண்டும் பிரச்சினை வராதோ?"

"உன்ரை ஊரிலை உன்ரை கடலுக்காகக் கதைக்கிறதுக்கு என்ன பிரச்சினை?"

அந்த வார்த்தை போதுமாக இருந்தது. நாலு நாள் வீடு வீடாக ஏறி அறுபத்துமூன்று பெண்களிடம் கையெழுத்து வாங்கினாள். முதலாவது கையெழுத்து யோசப்பினுடையது. பிரதேச செயலகத்தில் கூட்டம் வைத்தபோது, கொம்பனிக்காரர் முன்வரிசையில் இருக்க, லவீனா எழுந்து மனுவை வாசித்தாள். வாசித்து முடித்ததும் தாளை மடித்துவிட்டுத் தன் பாட்டில் கதைத்தாள். எத்தனை வீட்டில் அந்த மட்டிதான் கறி, எத்தனை பெண்களுக்கு ஆம்பிளைத் துணை இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் கைதட்டியவர் கிறிஸ்ரோபர்தான். வெளியில் வந்து, "நீ கதைச்சதுதான் தங்கச்சி எங்களுக்குப் பலம்" என்றார். அன்றைக்கு வீடு திரும்பும்போது தகப்பன் இருந்திருக்கலாம் என்று அவள் நினைத்தாள்.

ஐந்து மாதமாகியும் பதில் இல்லை. பிறகு ஒரு காலை, கடலில் தடி இறக்கத் தொடங்கினார்கள். லவீனா உடுத்த உடுப்போடு பஸ் ஏறிப் பிரதேச செயலகத்துக்குப் போனாள். அங்கே தக்சாயினி என்றொரு இளம் உத்தியோகத்தர் மனு இருந்த கோவையை எடுத்துப் புரட்டினாள்.

"நீங்கள்தான் மனுவைத் திருப்பி எடுத்திட்டீங்களே அக்கா."

"ஆர் எடுத்தது?"

தக்சாயினி கோவையை அவள் பக்கம் திருப்பிவைத்தாள். கடற்றொழிலாளர் சங்கத்தின் கடிதத் தலைப்பில் ஒரு கடிதம். பண்ணைக்குச் சங்கத்துக்கு ஆட்சேபனை எதுவும் இல்லை. மனு, அண்மையில் இந்தியாவிலிருந்து வந்த, உள்ளூர்த் தொழில் நிலவரம் தெரியாத ஒருவரால் தயாரிக்கப்பட்டது. கையெழுத்திட்டோர் அதை மீளப்பெறுகின்றனர். கீழே கிறிஸ்ரோபரின் ஒப்பம். திகதியைப் பார்த்தாள். கூட்டம் முடிந்து ஆறாம் நாள். இணைத்திருந்த பட்டியலில் நாற்பத்தொரு பெண்களின் பெயர். முதலாவது யோசப்பின். அதற்கு அடுத்த பக்கத்தில், அதே கடலில் தனியாக ஒரு துண்டு கேட்டு கிறிஸ்ரோபரின் மைத்துனன் போட்ட விண்ணப்பம், அனுமதி கிடைத்த முத்திரையோடு.

கொம்பனியோடு பேரம்பேசி மைத்துனனுக்கு ஒரு துண்டு வாங்கிக்கொள்ள கிறிஸ்ரோபருக்கு ஓர் எதிர்ப்புத் தேவைப்பட்டிருக்கிறது. அந்த எதிர்ப்பாக லவீனாவைத்தான் எழுப்பி நிறுத்தியிருக்கிறார் என்பது பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அவளுக்கு முழுக்க விளங்கியது.

அவள் நேரே யோசப்பின் வீட்டுக்குப் போனாள். யோசப்பின் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அக்கா. அஞ்சு மாசம் எனக்கு முன்னாலை இருந்து நண்டு கழட்டினனீங்கள்."

"என்ரை மனுசனும் உன்ரை மனுசனும் ஒரே வள்ளத்திலைதானேயடி போகினம். கிறிஸ்ரோபர் அண்ணை வீட்டை வந்து தாளை நீட்டேக்கை நான் என்ன செய்ய?"

"எனக்கும் அதே வள்ளந்தானே அக்கா."

யோசப்பின் அரிசியை மறுபடியும் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் மாதா கோயில் முற்றத்தில் நின்றபோது லவீனா கிறிஸ்ரோபரின் முன்னால் போய் நின்றாள். கடிதத்தில் அவர் என்ன எழுதினார் என்பதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஆத்திரத்தில் நாக்கு பழைய இடத்துக்குப் போய்விட்டது. "நீங்கதானே எழுதச் சொன்னீங்க, இல்லன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று வந்தது. யாரோ பின்னால் சிரித்தார்கள். கிறிஸ்ரோபர் குரலை உயர்த்தவே இல்லை.

"பாருங்கோ, கதையே இந்தியாக்கதை. தங்கச்சி, நீ வந்து எத்தினை வருசம்? அங்காலை இந்தியாவிலை இருந்து றோலர்ப் படகுகள் வந்து எங்கடை வலையளை அறுத்துக்கொண்டு போகேக்கை நீ ஆரின்ரை கரையிலை நிண்டனீ?"

அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. முகாமில் நின்றேன், கம்பி வேலிக்குள்ளே நின்றேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தபோது முற்றம் பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. கைதூக்கி அவளைத் தெரிவு செய்த பெண்கள் குடைகளை விரித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த கிழமை றஞ்சித்துக்கு வள்ளத்தில் இடமில்லை என்றார்கள். இப்போது அவன் வடமராட்சிப் பக்கம் தொழிலுக்குப் போய் சனிக்கிழமைகளில் வருகிறான். மாதர் சங்கம் புதுச் செயலாளரைத் தெரிவு செய்துவிட்டது. லவீனா தன் பெயரை மட்டும் போட்டு இன்னொரு ஆட்சேபனைக் கடிதம் எழுதித் தக்சாயினியிடம் கொடுத்தாள். கிடைத்தது என்று பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

இருபத்தைந்தாம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலில் கிறிஸ்ரோபர் ஒரு கட்சியில் நின்றார். துண்டுப்பிரசுரத்தோடு லவீனாவின் வாசலுக்கும் வந்தார், ஒன்றும் நடக்காதவர் போல.

"தங்கச்சி, மறந்திடாதை. உன்ரை வோட்டு எங்களுக்கு வேணும்."

"வோட்டு மட்டும் இந்தியாவிலையிருந்து வந்தாலும் பரவாயில்லையோ அண்ணை?"

கூட வந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அவர் துண்டுப்பிரசுரத்தை மதிலில் வைத்துவிட்டுப் போனார். தேர்தலிலும் வென்றார்.

லவீனா அன்று வாக்களிக்கப் போனாள். யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மையைப் பற்றிக் கேட்டேன். வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்ததாகவும், போகவில்லை என்றும் சொன்னாள்.