மதிப்பெண் வாசிக்கும் வீடு

லண்டன் வெம்பிளியில் நான் குடியிருந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் தேர்வு முடிவு வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின், எல்லோரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவரவர் மதிப்பெண்களை உரக்கச் சொல்ல வேண்டும். வீட்டில் சேர வந்தபோது இதைச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு இது கசந்திருக்கலாம். எனக்கு இனித்தது. கரூரில் பள்ளிக்கூடம் முழுக்க முதல் மாணவியாக வலம் வந்தவள் நான். மதிப்பெண்ணை உரக்கச் சொல்லச் சொன்னால் மைக் இருக்கிறதா என்று கேட்கிற ரகம்.

அது மாணவிகள் ஒன்பது பேர் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு வீடு. வீட்டுக்காரர் என்று மேலே ஆள் கிடையாது. சமையல், குப்பை, கழிவறை எல்லாம் முறை வைத்து நாங்களே. வாடகை குறைவு. லண்டனில் அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது அறை தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். அந்த அறை போனால் என்னால் வேறு இடத்தில் இருந்து படிப்பை முடித்திருக்க முடியாது. இடத்துக்காகக் காத்திருக்கும் மாணவிகளோ ஏராளம். அதனால் வீடு கறாராக இருந்தது. இங்கே இருப்பவள் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பாடத்தில் தவறினால் உடனே வெளியே தள்ள மாட்டார்கள். வீட்டிலிருந்து ஒருத்தி துணையாக வருவாள். மறுமுறை எழுதும்வரை வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை வீட்டார் முன்னால் அவள் நிலவரம் சொல்ல வேண்டும். மறுமுறையும் தவறினால் அறை அடுத்தவருக்கு. துணையாக நின்றவள் அடுத்த பருவம் முழுக்கத் தனியாகக் கழிவறை கழுவ வேண்டும். இந்தக் கடைசி விதியைக் கேட்டபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

முதல் ஞாயிறு வந்தது. கூட்டத்தை நடத்தியவள் வேல்ஸிலிருந்து வந்த ஒரு பெண். ஒருத்தி அறுபத்திரண்டு என்றாள், எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் ஊரில் அறுபத்திரண்டு எடுத்தவள் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போவாள். அடுத்தவள் ஐம்பத்தெட்டு என்றாள், அதற்கும் கைதட்டல். என் முறை வந்தது. நான் நகரத் திட்டமிடலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். மற்ற பாடங்களைச் சொல்லி முடித்து, கடைசிப் பாடத்துக்கு வந்து, “முப்பத்தெட்டு” என்றேன். ஐம்பது எடுத்தால்தான் பாஸ். யாரும் கை தட்டவில்லை, யாரும் உச்சுக்கொட்டவும் இல்லை. உச்சுக்கொட்டியிருந்தாலாவது கடித்துக் குதறியிருப்பேன்.

“துணைக்கு யார்?” என்று கேட்டாள் வேல்ஸ்காரி.

கேட்டு வாய் மூடுவதற்குள் ஒரு கை எழுந்தது. மருந்தியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிட வயதில் சின்னவள். குழந்தையாக லண்டனுக்கு வந்தவள். பெற்றோர் லண்டனின் கிழக்குக் கோடியில் குட்மேய்ஸில் இருந்தார்கள். தினமும் அங்கிருந்து கல்லூரிக்கு வர முடியாமல் இந்த வீட்டில் சேர்ந்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் அதுவரை இருந்த உறவு ஒரே ஒரு சண்டைதான். அவள் வைத்த ரசத்தில் புளி போதாது என்று சொல்லப் போய், அது பெரிய ரகளையாகி, பாதி வீடு ரசத்தைத் தொடாமல் எழுந்து போனது. அவள் எனக்குத் துணையா? என் மானம் கொதித்தது.

அன்று சாயங்காலம் என் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே, “நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு நீர் வெளிக்கிடும். பிந்தக் கூடாது, என்ன?” என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கிப் போய்விட்டாள்.

வெளிக்கிடும். வெளியே கிளம்பு என்கிறாள். விதியில் இன்னொரு வாய்ப்பு உண்டு என்றார்களே, அது என்ன ஆயிற்று? நான் மேலே வந்த பிறகு கூடிப் பேசி முடிவை மாற்றிவிட்டார்களா? அதைச் சொல்லவும் இவளைத்தானா அனுப்ப வேண்டும்? அதிலும் அந்தப் பேச்சு. ‘நீர்’ என்றும் ‘வெளிக்கிடும்’ என்றும் அரசவை நாடகத்தில் மன்னர் நாடு கடத்துகிற மாதிரி. யாழ்ப்பாணத்தில் சம வயதுக்காரர்கள் ஒருவரையொருவர் மரியாதையாக ‘நீர்’ என்பார்கள் என்று அப்போது எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கீழே போய்க் கேட்டிருக்கலாம். கேட்பேனா? நானாவது, கெஞ்சுவதாவது! சவுத்தாலில் இருந்த வகுப்புத் தோழிக்கு போன் செய்து, அவள் அறைத் தரையில் இரண்டு நாள் படுக்க இடம் கேட்டேன். பிறகு மூட்டை கட்டினேன். துணிகளை மடிக்கவில்லை, திணித்தேன். நடுவில் கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறை போனால் படிப்பு போகும், படிப்பு போனால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். கரூர் பஸ் நிலையத்தில் நான் பெட்டியோடு இறங்கும் காட்சி கண்முன் ஓடியது.

காலையில் சொன்ன நேரத்துக்கு முன்பே இரண்டு பெட்டிகளோடும், பெட்டியில் அடங்காத குக்கரைக் கையில் பிடித்துக்கொண்டும் கீழே வந்தேன். அவள் கோட்டும் தொப்பியும் போட்டு, புத்தகப் பையோடு கதவருகே நின்றாள். என்னைப் பார்த்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். குக்கரைப் பார்த்தாள்.

“எங்க போறீர் உதுகளோட?”

“நீங்கதானே வெளிய போகச் சொன்னீங்க?”

“நானோ? எப்ப?”

“நேத்து. எட்டு மணிக்கு வெளிக்கிடும்னு சொன்னீங்கல்ல!”

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்து, தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். “ஐயோ கடவுளே! வெளிக்கிடுறது எண்டால் ரெடியாகிறது. உடுப்பு மாத்திக்கொண்டு ரெடியா நில்லும் எண்டனான். நாங்கள் லைப்ரரிக்கெல்லோ போறம்!”

எனக்கு வந்த கோபத்தில் குக்கரை அவள் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் அவள் கண்ணீர் வழியச் சிரிப்பதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். பெட்டிகளை மேலே ஏற்றியது அவள்தான். அன்று நாங்கள் லைப்ரரிக்குப் பிந்தித்தான் போனோம்.

போகும் வழியில் கேட்டேன், ஏன் எனக்காகக் கை தூக்கினாய் என்று. அவள் யோசிக்கவே இல்லை. “மார்க் சொல்லேக்கை நீர் அழேல்லை, கோவப்பட்டனீர். அழுறவையோட என்னால இருந்து படிக்க ஏலாது.” முந்தைய நாள் மூட்டை கட்டும்போது அழுததை நான் சொல்லவில்லை.

லைப்ரரியில் உட்கார்ந்து, அந்தப் பாடத்தில் தேர்வுக்குப் பதிலாக நான் எழுதிக் கொடுத்து முப்பத்தெட்டு வாங்கிய கட்டுரையை முழுக்கப் படித்தாள். லண்டனில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, அதன் நடைபாதை எப்படிப் பயன்பட வேண்டும் என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் எங்கள் வெம்பிளிக் கடைத்தெருவை எடுத்திருந்தேன். காய்கறிக் கடைகள் வெண்டைக்காயையும் மரவள்ளியையும் மாம்பழத்தையும் பெட்டி பெட்டியாக நடைபாதையில் பரப்பி வைக்குமே, அது. பேராசிரியர்கள் நாலைந்து பேர் என்னென்ன சொல்லியிருக்கிறார்கள் என்று அச்சுப் பிசகாமல் எழுதியிருந்தேன். திருத்தியவர் கீழே ஒரே கேள்வி கேட்டிருந்தார்: நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? ஒன்றாம் வகுப்பிலிருந்து அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. சொன்னதைத் திருப்பிச் சொல்கிறவளுக்குத்தான் முதல் இடம் என்று வளர்ந்தவள் நான்.

“இதில நீர் எங்க?” என்றாள் அவளும்.

“நான்தானே எழுதினேன்?”

“ஓம், எழுதினது நீர்தான். ஆனால் உம்மைக் காணேல்லை. ஒரு சொட்டுப் புளிக்கு என்னோட அப்பிடிச் சண்டை பிடிச்சனீர். இதில ஒருத்தரோடயும் சண்டை பிடிக்கேல்லையே!”

அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது.

அதன் பிறகு அவள் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. எனக்குப் பாடம் சொல்லித் தரவில்லை. நகரத் திட்டமிடல் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. என்னை அந்தக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போய் வம்புக்கு இழுத்தாள். “இந்தப் பெட்டியள் எல்லாத்தையும் கவுன்சில் எடுக்கவேணும்” என்றாள் ஒரு நாள். நான் பிடித்துக்கொண்டேன். இந்தப் பெட்டிகள் இல்லாவிட்டால் இந்தத் தெருவில் யார் நிற்பார்கள், யார் பேசுவார்கள், வெண்டைக்காயை உடைத்துப் பார்க்காமல் எவள் வாங்குவாள் என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி பொரிந்து தள்ளினேன்.

அவள் முடியும்வரை கேட்டாள். “என்ர அம்மா வீல்செயாரில வாறவ. இந்த இடத்தில நான் அவவை ரோட்டில இறக்கித்தான் தள்ளவேணும். பின்னால பஸ் ஹோர்ன் அடிக்கும். அதுக்கு என்ன சொல்றீர்?”

அந்த வாரம் முழுக்கப் போகிற வருகிற நேரமெல்லாம் அந்த இடத்தில் நின்று பார்த்தேன். தள்ளுவண்டிக் குழந்தைகள், கைத்தடிக்காரர்கள், சாமான் பைகளோடு வரும் பெண்கள் எல்லோரும் அங்கே வந்ததும் சாலையில் இறங்கினார்கள். சாலையோரத்தில் கார்கள் வரிசையாகச் சொகுசாக நின்றுகொண்டிருந்தன. ஒரு நாள் எனக்கு உறைத்தது. பெட்டியையும் வீல்செயரையும் ஏன் மோத விட வேண்டும்? கார் நிற்கிற இடத்தைப் பிடுங்கி நடைபாதையோடு சேர்த்துவிட்டால் இரண்டுக்கும் இடம் கிடைக்குமே!

ஓடி வந்து சொன்னேன். பாராட்டுவாள் என்று பார்த்தால், எரிந்து விழுந்தாள். “கார் நிப்பாட்ட இடமில்லாட்டி அம்மாவை குட்மேய்ஸிலயிருந்து இஞ்ச எப்பிடிக் கூட்டிக்கொண்டு வாறது? தோளிலயோ?” மறுபடியும் சண்டை. அந்தச் சண்டையை அப்படியே எழுதத் தொடங்கினேன். அவள் சொன்னதை எழுதி அதற்குப் பதில் எழுதினேன். பதில் ஓட்டையாக இருந்தால் அவளே கண்டுபிடித்துக் குத்துவாள். மாற்றுத் திறனாளிகளின் வண்டிகளுக்கு மட்டும் இடம் விட வேண்டும் என்று நான் இறங்கி வந்தது அப்படிக் குத்து வாங்கித்தான். அதுவும் அவளுக்குப் போதவில்லை.

இதற்கு நடுவே ஞாயிற்றுக்கிழமை நிலவரம் வேறு. அவளுக்கு ஈவிரக்கமே கிடையாது. “இந்த வாரம் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. முறுக்கு சுட்டாள். முறுக்கு நன்றாக இருந்தது” என்று எல்லோர் முன்னாலும் ஆங்கிலத்தில் போட்டு உடைத்தாள். நான் அவளை முறைத்தேன். அடுத்த வாரம் முறுக்கு சுடவில்லை, எழுதினேன்.

கட்டுரையைக் கொடுத்தேன். முடிவு வந்த பிறகு வீடு கூடியது. மறுமுறை எழுதுகிறவர்களுக்கு என் கல்லூரியில் ஒரு விதி உண்டு. எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஐம்பதுக்கு மேல் போட மாட்டார்கள். “ஐம்பது” என்றேன். அன்று அந்த மேசையில் சொல்லப்பட்டதிலேயே சிறிய எண் அதுதான். கை தட்டினார்கள், ஒருத்தி மேசையைக்கூடத் தட்டினாள். திருத்தியவர் எழுதியிருந்ததையும் வாசித்துக் காட்டினேன்: உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை, ஆனால் உங்களோடு வாதாடிக்கொண்டே படித்தேன்.

இன்னும் ஒரு சடங்கு பாக்கி இருந்தது. அறை தொடரலாமா என்று துணையாக இருந்தவள் தன் கருத்தைச் சொல்ல வேண்டும், பிறகு வாக்கெடுப்பு. அவள் எழுந்து நின்றாள். ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

“கார் நிறுத்தும் இடத்தைப் பற்றி அவள் எழுதியது தவறு என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன்” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். “அவள் போய்விட்டால் அது தவறு என்பதை நான் யாருக்குப் புரிய வைப்பது? அவள் இங்கேதான் இருக்க வேண்டும்.”

கைகள் எல்லாம் உயர்ந்தன. அறை எனக்கே என்றாள் வேல்ஸ்காரி. அவ்வளவு பேர் என்னை இருக்கச் சொல்லிக் கை தூக்கி நான் அதுவரை பார்த்ததில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது.

உட்கார்ந்த பிறகு அவள் என் பக்கம் சாய்ந்து, “என்ன, பிழை எண்டு சொல்லிப்போட்டன், மறுத்துக் கதைக்கேல்லையோ?” என்றாள்.

கார் சண்டையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்; நான் இங்கேதான் இருக்க வேண்டும் என்று அவள் சொன்னதில் எனக்கு மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.