கமலேஸ்வரி அக்காவின் பத்தாவது ஆள்

"ஹலோ, திஸ் இஸ் கமலா. யூ அலைவ்? குட். யூ கமிங் சண்டே?"

காதுக்கும் தோளுக்கும் நடுவே தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் மரக்கறி ரோல்ஸ் சுருட்டியபடி கமலேஸ்வரி அக்கா கேட்கிற முதற்கேள்வி இதுதான். மறுமுனையில் இருப்பவருக்கு எண்பத்து மூன்று வயது. உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டதற்கு அவர் கோபிப்பதில்லை. "இந்த நிமிடம்வரை இருக்கிறேன்" என்று சிரிக்கிறார். அக்கா மாப் பிரண்ட விரலால் பட்டியலில் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த எண்ணை அழுத்துகிறார்.

"எங்கட பெடியள் ஆறு பேர் வாறாங்கள், பெட்டையள் மூண்டு. மொத்தம் ஒன்பது. நீர் என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர், வெங்காயத்தை உரியும்!" இது ஒத்தாசைக்கு வந்த எனக்கு. இந்தப் பெடியளுக்கும் பெட்டையளுக்கும் எண்பதுக்குக் குறைந்த வயது இல்லை. ஒருவருக்கு ஊன்றுகோல் இரண்டு.

அக்காவின் வீடு கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில். பாரிஸில் பதினான்கு வருடம் ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்து, பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கிடைத்த கையோடு, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டன் வந்து இறங்கியவர். இப்போது முதியவர்களைப் பராமரிக்கும் வேலை. வாரத்தில் ஆறு நாள், காலை ஏழு மணி ஷிப்ட், காண்ட்ஸ் ஹில்லில் ரோசா அம்மாவின் வீட்டில். ரோசா யூதப் பெண்மணி. வயது எண்பத்திரண்டு. கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. நாக்கு மட்டும் நல்ல கூர்மை.

நாலு வருடத்துக்கு முன், வேலைக்குப் போன முதற்கிழமையில், தான் இளவயதில் ஒரு சியோனிய மூவ்மென்டில் இருந்ததாக ரோசா அம்மா சொன்னாராம். அக்கா பதறிப்போய் யன்னலைச் சாத்திவிட்டார். "மூவ்மென்ட் எண்டால் இயக்கம்தானே, பிள்ளை? நாங்கள் அந்தச் சொல்லைக் கேட்டு வளந்த விதம் அப்பிடி. இந்தக் கிழவி துவக்குத் தூக்கினதோ எண்டு எனக்கு வேர்த்துப்போச்சு."

கிழவி தூக்கியது துப்பாக்கி அல்ல, பால் வாளி. 1946இல், எசெக்ஸ் பக்கம் ஒரு பண்ணையில், கிழக்கு லண்டன் தையற்காரர்களின் பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர் மாடு கறக்கவும் உருளைக்கிழங்கு கிண்டவும் பழகினார்கள். எல்லோரும் ஒன்றாகக் கப்பலேறி, யூதருக்கென்று உருவாகப்போகிற நாட்டில் ஒரு கூட்டுப் பண்ணை அமைப்பது என்று சத்தியம் செய்துகொண்டார்கள். பெயர்களைச் சேர்ந்த வரிசையில் ஒரு நீலக் கொப்பியில் எழுதிவைத்தார்கள். 1948இல் போனார்கள். அடுத்த பத்து வருடத்துக்குள் பெரும்பாலானோர் திரும்பியும் வந்துவிட்டார்கள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, கலியாணம் ஒத்துக்கொள்ளவில்லை, ஒருவருக்கு அந்த அரசாங்கமே ஒத்துக்கொள்ளவில்லை. வருடாவருடம் ஒக்டோபர் கடைசி ஞாயிறு இல்ஃபோர்டில் ஒரு சின்ன மண்டபத்தில் கூடி, அந்த நாட்டைப் பற்றி இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். இந்த வருட ஜனவரியில் காஸாவில் குண்டு விழுந்தபோது ரோசா அம்மாவின் வரவேற்பறையில் இரண்டு பேர் கோப்பையைத் தட்டிவிடுகிற அளவுக்குச் சத்தம். அக்கா அன்றே சட்டம் போட்டுவிட்டார். "அரசியல் கதைக்கிறதெண்டால் கேக்குக்குப் பிறகு. அதுக்கு முதல் ஆரும் வாய் திறக்கப்படாது."

ரோசா அம்மாவுக்குக் கண் தெரியாமற்போனதால் கொப்பியில் எழுதுகிற உத்தியோகமும் அக்காவிடம் வந்தது. முதல் வருடம் வந்தவர்களின் வரவை எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். அக்கா பக்கத்தைத் திறந்தார், பேனையைத் திறந்தார், நம்முடைய ஆட்கள் எவரும் யோசிக்காமலே செய்கிற காரியத்தைச் செய்தார். உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி! குழுவின் தலைவர் மொண்டி கண்ணாடியை மாற்றிப் போட்டுக் குனிந்து பார்த்தார். நத்தை மாதிரி இதென்ன என்று கேட்டார். கடவுள் என்றார் அக்கா. மொண்டி பழைய சோசலிஸ்ட். "இந்தக் கொப்பியில் எங்கள் கடவுளுக்கே இடம் கொடுக்கவில்லை. உன்னுடையவருக்கும் கிடையாது" என்று அழிறப்பரைத் தேடினார். மையில் போட்டதை எப்படி அழிப்பது? அது அங்கேயே இருக்கிறது. அதற்குப் பிறகு அக்கா அந்தக் கொப்பியில் சுழி போடுவதில்லை. தன் சொந்தத் தொலைபேசிப் பட்டியலில் மட்டும் போடுவார்.

அந்தச் சொந்தப் பட்டியலில் இன்னொரு பழக்கம் உண்டு. செத்தவர் பெயரை வெட்டமாட்டார். பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். இந்த மே மாதம் போர் முடிந்த பிறகு அதில் வன்னி எண்கள் ஐந்து ஊமையாகிவிட்டன. அவருடைய அண்ணனின் எண்ணும் ஒன்று. அவற்றுக்குப் புள்ளிகூட இல்லை. "ஆர் கண்டது பிள்ளை, எந்த முகாமில நிக்கினமோ. பெயரில கோடு கீற எனக்கு ஏலாது. என்ர கை வராது." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். வெங்காயம் உரித்தது நான்.

சரி, பத்தாவது ஆளுக்கு வருகிறேன். மொண்டி இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விதி கொண்டுவந்தார். பத்துப் பேருக்குக் குறைந்தால் கூட்டம் கலையும். கொப்பியை மூடி ஏதாவது ஆவணக் காப்பகத்திடம் கொடுத்துவிட வேண்டும். போன வருடம் பதினொரு பேர். கோடையில் இரண்டு பேர் போய்விட்டார்கள். மிச்சம் ஒன்பது. போன வருடம் வராத, மான்செஸ்டரில் இருக்கிற ஒருவரைப் பத்தாவதாகக் கூப்பிடலாம் என்றால், அவருக்கு இடுப்பு எலும்பு மாற்றியிருக்கிறது, வர ஏலாது.

அக்காவுக்கு நித்திரை இல்லை. "அந்த மனிசி வருசம் முழுக்க இந்த ஒரு ஞாயிறுக்காகத்தான் எழும்புது. கொப்பியை மூடினால் அதுவும் படுத்திடும். எனக்குத் தெரியும்." ஒருநாள் காலையில் ரோசா அம்மாவுக்கு முட்டை அவித்துக் கொடுத்துவிட்டு, கொப்பியை முதலிலிருந்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஏழாவது பெயருக்குக் குறுக்கே ஒரு தடித்த கோடு. ஹரி சாக்ஸ்.

இவர் செத்துப்போனாரோ என்று கேட்டார். இல்லை என்றார் ரோசா அம்மா.

"சாகாத மனிசனை ஏன் வெட்டினனீங்கள்?" இதை அக்கா எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னபோதுகூடக் குரல் உயர்ந்தது. அங்கே ஆங்கிலத்தில் கேட்டபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கப்பலேற இரண்டு நாள் இருக்கும்போது, தாய் படுக்கையில், நான் வரவில்லை என்றாராம் ஹரி. மொண்டி எழுந்து துரோகி என்றார். வாக்கெடுத்தார்கள். பேனை ரோசாவின் கையில் இருந்தது. ரோசாவுக்கு மாடு கறக்கப் பழக்கியவரே ஹரிதான். அவருடைய விலாசமும் தொலைபேசி எண்ணும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தன. எத்தனை வருடமாக என்று கேட்டால் முப்பது. ஒரு நாளும் எடுக்கவில்லை. தான் கோடு போட்ட மனிதரிடம் என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லையாம்.

அக்காவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. "ஹலோ, திஸ் இஸ் கமலா. யூ அலைவ்?" ஹரி வைத்துவிட்டார். மூன்று தரம் எடுத்தார், மூன்று தரமும் தவறான எண் என்று வைத்துவிட்டார். ஹரி இருப்பது சட்டனில். நாங்கள் இருப்பது லண்டனின் இந்த முனை, அவர் அந்த முனை. வியாழக்கிழமை ஷிப்ட் முடிய, மூன்று ரயில் மாறி, பத்து ரோல்ஸுடன் போய்க் கதவைத் தட்டினார் அக்கா. கார்டிகன் போட்ட மெலிந்த மனிதர், கதவைப் பாதி திறந்து, "நான் அந்தக் கொப்பியில் இல்லை" என்றார். ரோல்ஸ் பெட்டியை மட்டும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

"ஐயோ, அவ்வளவுதானே!" என்றேன்.

"விசரே உமக்கு? நல்ல பெட்டி, மூடியோட. ஞாயிறு மூண்டு மணிக்கு எனக்கு அது வேணும், இல்ஃபோர்டுக்குக் கொண்டுவாங்கோ எண்டு அட்ரஸ் எழுதிக் குடுத்திட்டன். ஒழுங்கான மனிசன் ஆற்றையும் பெட்டியை வைச்சிருக்காது. நாங்கள் வைச்சிருப்பமோ?"

அந்த ஞாயிறு மண்டபம் கலியாண வீடு மாதிரி இருந்தது. நான் தட்டுக்களைத் துடைத்தேன். அக்கா பச்சைச் சேலை, அதற்கு மேலே ஏப்ரன். ஒவ்வொருவரையும் கன்னத்தில் தட்டி, கோட்டைக் கழற்றி, கதிரையில் இருத்தி, "டேவிட் அண்ணை, காதுக்க மெஷினைப் போடுங்கோ" என்று தமிழிலேயே அதட்டினார். அவரும் உடனே போட்டார். ஒன்பது பேர். மூன்று மணி. மொண்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தேநீருக்குப் பிறகு பெயர் வாசிப்பது வழக்கம்.

"தண்ணி இன்னும் கொதிக்கேல்லை" என்றார் அக்கா.

மூன்றே காலுக்கும் கொதிக்கவில்லை. நான் குசினிக்குள் போய்ப் பார்த்தேன். கேத்திலின் பிளக்கே சுவரில் இல்லை, அக்காவின் ஏப்ரன் பையில் இருந்து வயர் தொங்கியது. "சத்தம் போடாதையும்!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ரோசா அம்மா கொப்பியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, தெரியாத கண்ணால் வாசலைப் பார்த்தபடி இருந்தார். மூன்றரைக்கு மொண்டி தொண்டையைச் செருமினார். விதி விதிதான், ஒன்பது பேர், கொப்பியை மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை வாசித்துவிடுவோம் என்றார்.

ரோசா அம்மா வாசித்தார். வாசிப்பது என்ன, மனப்பாடம். இருப்பவர்கள் "இருக்கிறேன்" என்றார்கள். இறந்தவர் பெயருக்கு எல்லோரும் மேசையில் ஒரு தரம் தட்டினார்கள். ஆறு பெயர் முடிந்தது. அறுபத்தொரு வருடமாகத் தாண்டிப் போகிற இடம் வந்தது. ரோசா அம்மா தாண்டவில்லை.

"ஹரி சாக்ஸ்."

ஒருவரும் தட்டவில்லை. அக்கா வாசலுக்கு ஓடினார். வாசலில், மழைக் கோட்டுடன், கழுவித் துடைத்த பெட்டியை நெஞ்சோடு பிடித்தபடி அந்த மனிதர் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"பெட்டியைக் கொடுக்க வந்தேன்" என்றார் அக்காவிடம். பிறகு உள்ளே பார்த்து, "என் பெயரில் கோடு இருக்கிறதே" என்றார்.

ரோசா அம்மா எழுந்தார். "நான்தான் போட்டேன், ஹரி. போட்டிருக்கக் கூடாது" என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேத்திலைச் செருக ஓடினார், பாதியில் திரும்பி வந்தார், இரண்டில் எதைச் செய்வதென்று அவருக்கே தெரியவில்லை. எல்லோரும் மொண்டியைப் பார்த்தார்கள். மொண்டி மேசையைப் பார்த்தார். பிறகு கொப்பியை இழுத்து, கோடு விழுந்த பக்கத்தையும் பழைய சுழி கிடந்த பக்கத்தையும் கடந்து, ஒரு வெறும் பக்கத்தைத் திறந்து அக்காவின் முன் நகர்த்தினார்.

"பத்துப் பேர்" என்றார். "அவன் பெயரைப் புதிதாக எழுது, கமலா."

அக்கா பேனையைத் திறந்து, முதல் வரியில் வைக்கப் போனார். மொண்டியின் விரல் அவர் கையைத் தடுத்து, பக்கத்தின் உச்சியைத் தட்டியது.

"முதலில் உன் நத்தை."

கமலேஸ்வரி அக்கா ஈரக் கையை ஏப்ரனில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு, பேனையை மேலே கொண்டுபோய், ஆற அமர ஒரு பிள்ளையார் சுழி போட்டார்.