ஆடியில் போட்ட தேனிலவு டிக்கெட்

மாலத்தீவு ரிசார்ட்டில் மழைக்காலச் சலுகை என்றதும் என் கணவர் தேதியைப் பார்த்தார், தமிழ் மாதத்தைப் பார்க்கவில்லை. அது ஆடி.

"ஆடில ஒண்ணா இருந்தா சித்திரைல புள்ள பொறக்கும், ஊட்டுக்கு ஆவாது" என்றார் மேனாம்பேட்டு மாமியார். அம்மா வந்து என்னை ஆவடி குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப் போய்விட்டாள். எங்களை ஒரு வார்த்தை கேட்டால்தானே! டிக்கெட்டை ரத்து செய்ய முடியாதாம். அவர் மட்டும் போனார்.

மாலையில் வீடியோவில் அழைத்தார். கட்டிலில் பூத்தூவி, வெள்ளைத் துண்டுகளால் இரண்டு அன்னங்கள் செய்து மூக்கோடு மூக்கு உரச வைத்திருந்தார்கள்.

"இதை நான் தனியா என்ன பண்றது?" என்றார்.

கூழுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "கட்டில் நல்லா பெருசா இருக்கு மாப்ள. காலை நீட்டி நிம்மதியா தூங்குங்க."