ஆறு மரங்களும் என் பதினாலாவது மனுவும்

என் பெயர் மரியராஜ். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பத்து நான்கு வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அத்தனை வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது மனு எழுதுவது ஒன்றுதான். தலைமையாசிரியர்கள் வந்தார்கள், போனார்கள். அவர்கள் பெயரில் போன கடிதங்கள் எல்லாம் நான் எழுதியவை. பாராட்டு அவர்களுக்குப் போனது, முதுகுவலி எனக்கு வந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கோச்சடையில் எங்கள் தெருவில் ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனாலும் சரி, சாக்கடை அடைத்துக்கொண்டாலும் சரி, என்னிடம்தான் வருவார்கள். ஒரு பக்கத்தில் முடிகிற விஷயத்தை மூன்று பக்கத்துக்கு இழுத்துக் கொடுப்பேன். சுருக்கமாக எழுதச் சொல்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. "உங்க மனுவைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்த ஆபீசருக்கே ரிட்டையர்மென்ட் வந்துரும்" என்பாள் என் மனைவி பாக்கியமேரி. பொறாமை என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் மெயின் ரோட்டில் வரிசையாக ஆறு தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன. அவற்றின் கிளைகள் மின்கம்பிகளுக்குள் புகுந்திருந்தன. காற்றடித்தால் கிளையும் கம்பியும் உரசும், பொறி பறக்கும், ஃபியூஸ் போய்விடும். போகிற நேரமோ மத்தியானம் இரண்டு மணி. சாப்பிட்டுவிட்டு நான் ஃபேனுக்கு அடியில் கட்டையைச் சாய்க்கிற நேரம். நாட்டில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ குறை. என் குறை அந்த ஒரு மணி நேரத் தூக்கம்தான்.

அதற்காகப் பதின்மூன்று மனுக்கள் எழுதினேன். சங்க காலத்தில் தொடங்கி மின்சாரத்தின் மகிமைக்கு வந்து சேருகிற மனுக்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை. யோசித்துப் பார்த்ததில் காரணம் விளங்கியது. என் பெயரைப் பார்த்ததுமே மனுவைக் கட்டுக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். ஆகவே பதினாலாவது மனுவில் பெயரை விட்டுவிட்டு, 'கோச்சடைப் பொதுமக்கள்' என்று முடித்தேன். ஊரில் இதற்கு மொட்டைக் கடுதாசி என்று பேர். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கிழவனின் மத்தியானத் தூக்கத்துக்காக எந்த ஆபீசர் நாற்காலியை விட்டு எழுவார்? அதனால் ஒரு பிள்ளையைச் சேர்த்தேன். 'பள்ளி விட்டு வந்த ஆறு வயதுச் சிறுமி, கிளையோடு அறுந்து விழுந்த மின்கம்பியிலிருந்து மயிரிழையில் உயிர் தப்பினாள்' என்று எழுதினேன். வெறும் சிறுமி என்றால் மனதில் நிற்க மாட்டாள் என்று ரெட்டைச்சடை போட்டுவிட்டேன். சடைக்கு நீல ரிப்பனும் கட்டினேன். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. கடைசியில், வேகம் அடங்காமல், 'ஆகவே இம்மரங்களை அடியோடு அப்புறப்படுத்த வேண்டும்' என்று ஒரு வரி. கிளையைக் கழியுங்கள் என்று கேட்டிருந்தால் போதும். ஆனால் 'அடியோடு' என்ற சொல்லில் இருக்கிற கம்பீரம் 'கழியுங்கள்' என்பதில் இல்லையே.

பத்தே நாளில் மின்வாரிய ஜீப் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், கம்பியை அண்ணாந்து பார்த்தார்கள், தெருவில் விசாரித்தார்கள். டீக்கடையில் அவர்கள் கேட்டபோது நானும் ஓரமாக நின்றிருந்தேன். "ஆமாண்ணே, கேள்விப்பட்டோம். பேரையூர்ல இருந்து அத்தை வீட்டுக்கு வந்த பிள்ளையாம்" என்றார் ஒருவர். இன்னொருவர் கம்பி விழுந்த இடத்தையே கைநீட்டிக் காட்டினார். நான் பெற்ற பிள்ளைக்கு ஊரே சொந்தக்காரர்களைத் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கிளாஸை வைத்துவிட்டு நைசாக நழுவினேன்.

ஒரு மாதத்தில் ஆறு மரங்களிலும் பட்டையைச் செதுக்கிச் சிவப்பு எண் போட்டுவிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முப்பத்து நான்கு வருஷத்தில் என் எழுத்துக்கு அரசாங்கம் இம்புட்டு வேகமாக அசைந்ததே இல்லை.

மறுநாள் காலையில் அன்னக்கொடி வாசலில் வந்து நின்றாள். கீழக்குயில்குடிக்காரி. மூன்றாம் நம்பர் மரத்தடியில் பன்னிரண்டு வருஷமாகக் கம்மங்கூழ் வண்டி போட்டிருக்கிறாள். தினமும் பதினோரு மணிக்கு ஒரு சொம்பு கூழும் மோர்மிளகாயும் எனக்கு அங்கேதான்.

"சார், வெயாழக்கெழம கரண்டை நிறுத்திப்புட்டு மரத்தை வெட்ட வாராகளாம். நெழல் இல்லாட்டி எவன் சார் நின்னு கூழு குடிப்பான்? பொழுது ஏறுமுன்ன கூழும் புளிச்சுப்போகும். வேற எடம் பாத்தா, அங்கன ஏற்கெனவே ஆளு இருக்கு. நீங்க ஒரு மனு எழுதிக் குடுங்க சார். நீங்க எழுதுனா நடக்கும்."

நடக்கும்தான். நடந்துதானே இந்தக் கதி.

"யாரு சார் இப்பிடி எழுதிப்போட்டிருப்பா?" என்று வேறு கேட்டாள்.

"பொதுமக்கள்" என்றேன்.

மொட்டைக் கடுதாசி என் கைவேலை என்பது பாக்கியமேரிக்கு மட்டும் தெரியும். சாயங்காலம் காபியைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தாள். "அவ பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு, அவளுக்கே மனு எழுதப் போறீகளா? போய் நடந்ததைச் சொல்லுங்க. பாவசங்கீர்த்தனம் கோயில்ல மட்டுந்தான் செய்யணும்னு யாரு சொன்னா?"

"சொல்லாமலே காரியத்தை முடிச்சிருவேன், நீ பாரு" என்றேன். என் பேனா மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை. நிழல், மைனா, மழை, மதுரை வெயில் என்று நாலு பக்கம் எழுதினேன். அன்னக்கொடி எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவளோடு மின்வாரிய அலுவலகத்துக்குப் போனேன். உதவிப் பொறியாளர் சத்யப்ரியா முப்பது வயதுப் பெண். நாலு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். அப்படி ஒருவர் படித்து நான் பார்த்ததில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா" என்றார் அன்னக்கொடியிடம். "மரத்தை வெட்டணும்னு எங்களுக்கும் ஆசை இல்ல. ஆனா இதையும் கேளுங்க." கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார். என் பதினாலாவது மனு.

பள்ளி விட்டு வந்த சிறுமி. ரெட்டைச்சடை. நீல ரிப்பன். நான் ரசித்து ரசித்து எழுதிய வரிகளை இன்னொருவர் குரலில் கேட்கக் கேட்க எனக்குக் காது அடைத்தது. அன்னக்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க ஆளுக விசாரிச்சப்ப தெருவுலயும் ஆமான்னுட்டாங்க. அதனாலதான் கிளையோட விடாம மரத்துக்கே அனுமதி வாங்கினோம். நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றார் சத்யப்ரியா.

அன்னக்கொடி மேஜை மேல் இருந்த தன் மனுவை எடுத்து மடித்தாள்.

"அப்ப வெட்டிருங்கம்மா. இது எனக்குத் தெரியாது. புள்ள உசுர விடவா என் கூழு வண்டி? நான் வேற எங்கிட்டாச்சும் பாத்துக்கிறேன். வாங்க சார், போவோம்."

எழுந்துவிட்டாள். நானும் எழுந்தேன். கதவு திறந்திருந்தது. நான் வாயைத் திறக்காமல் வெளியே போயிருந்தால் இந்த ஜென்மத்தில் பாக்கியமேரியைத் தவிர ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மத்தியானத் தூக்கத்துக்கும் இடைஞ்சல் இருந்திருக்காது. அதை நினைத்துப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது என் இரண்டாவது பொய் மனு. கதவுவரை நடந்தேன். முன்னால் போனவள் மடித்த மனுவைக் கூழ்வாளிப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தாள். சார் கஷ்டப்பட்டு எழுதியது, கசங்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ.

"அப்படி ஒரு பிள்ளையே இல்லம்மா" என்றேன் பொறியாளரிடம் திரும்பி.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"அதை எழுதினது நான்தான். மத்தியானம் கரண்ட் போயிருது, தூங்க முடியல. அதுக்காக எழுதினேன். கம்பி அறுந்து விழல. பிள்ளையை நானாச் சேர்த்துக்கிட்டேன்."

சத்யப்ரியா என்னைப் பார்த்த பார்வையை, முப்பத்து நான்கு வருஷம் ஏழெட்டுத் தலைமையாசிரியர்களிடம் வேலை பார்த்தும் நான் வாங்கியதில்லை. "எழுதிக் கொடுங்க" என்று ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். என் வாழ்க்கையில் மிகச் சுருக்கமான மனு அதுதான். மூன்று வரி. அடியில் முழுப்பெயர், முகவரி, கைப்பேசி எண் எல்லாம் போட்டேன்.

அவர் அங்கேயே ஃபோன் போட்டு யாரிடமோ பேசினார். பிறகு, "வியாழக்கிழமை கிளையை மட்டும் கழிப்பாங்க. அந்த இடத்துல கம்பிக்குப் பதிலா ரப்பர் உறை போட்ட ஒயர் இழுக்க எழுதுறேன். மரம் நிக்கும்" என்றார், அன்னக்கொடியைப் பார்த்து. என்னைப் பார்க்கவில்லை. போலீசுக்குக் கொடுக்காமல் விட்டாரே, அதுவே பெரிது.

திரும்பும்போது பஸ்ஸில் அன்னக்கொடி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பின்சீட்டில் உட்கார்ந்து, அவள் திட்டப்போவதற்கு என்னைத் தயார்படுத்திக்கொண்டு வந்தேன். என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். காளவாசல் தாண்டியது. என் ஸ்டாப்பிங் வரப்போகிற நேரத்தில் திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டா பிள்ளைகள்லாம் என் வண்டிகிட்டதான் சார் வந்து நிக்கும். ரெட்டைச்சட, நீல ரிப்பன்னு அந்தம்மா படிக்கவும், எம்புள்ளைகள்ல எதுவோன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. ஒவ்வொண்ணா நெனச்சு நெனச்சுப் பாத்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பிடிப் புள்ளையே இல்லைன்னீக பாருங்க, அப்பத்தான் சார் எனக்கு உசுரே வந்துச்சு. நல்லாருப்பீக."

நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. இறங்கத் தோன்றவில்லை. இரண்டு ஸ்டாப்பிங் தாண்டிப் போய் இறங்கி, வெயிலில் நடந்தே வீடு வந்து சேர்ந்தேன்.