டெல்லிக்குப் போன நாலு வரி

எங்கள் ஊரில் முதல் கக்கூஸ் கட்டப்பட்டது இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையிலான நல்லுறவுக்காக. நான் இதைச் சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் வாழைத் தோப்பின் ஓரத்தில் நாலு சுவரும் ஓலைக் கூரையுமாக அது எழும்பி முடிந்த அன்று, அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்து நின்றதை நான் கண்ணால் கண்டவள். எனக்கு அப்போது ஒன்பது வயது. திருவிதாங்கூர் சமஸ்தானம் போய் திரு-கொச்சி ராஜ்யம் வந்திருந்தது. நாங்கள் தமிழ்நாட்டோடு சேர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

அண்ணன் கோயம்புத்தூரில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தான். அவன் வகுப்பில் கென்யாவிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். அவர் படிப்பு, சாப்பாடு, புஸ்தகம் எல்லாம் இந்திய சர்க்கார் செலவு. புரட்டாசி விடுமுறைக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் ஹாஸ்டலில் தனியாகக் கிடக்க வேண்டாம், கூடப் படிக்கிறவர்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று காலேஜில் சொன்னார்களாம். அண்ணன் கையைத் தூக்கிவிட்டான். விடுமுறை முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் தாங்கள் கண்டதை ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், அது டெல்லிக்குப் போகும் என்றும் கடிதத்தில் எழுதியிருந்தான்.

அந்த ஒரு பக்கம் அப்பாவைப் பிடித்துக்கொண்டது. அப்பா கதர் கட்டுகிறவர். சுதந்திரம் வந்த அன்று சுசீந்திரம் தெப்பக்குளத்தங்கரையில் ஊருக்கெல்லாம் சீனி வழங்கியவர். டெல்லியில் ஒரு பெரிய மேஜையின்மேல் எங்கள் வீட்டைப் பற்றி ஒரு தாள் கிடக்கப் போகிறது என்ற நினைப்பே அவரைத் தூங்கவிடவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தார். கக்கூஸ் கட்டினார். எனக்கு ‘குட் மார்னிங்’ சொல்லக் கற்றுத் தந்தார். அதை நான் எந்த வேளைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சாயாக்கடையில் சிலர் கிண்டல் செய்தார்கள். கோதுமைக்கு அமெரிக்கக் கப்பலைப் பார்த்துக் கிடக்கிற நாம், கடல் தாண்டி ஒருத்தனைக் கொண்டுவந்து படிக்க வைப்பானேன் என்று கேட்டார்கள். அப்பா அதற்குச் சொன்ன பதிலை வீட்டில் வந்து எங்களிடம் மூன்று தடவை சொல்லிக் காட்டினார். வெள்ளைக்காரன் போய் ஏழு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் நாம் இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் படிக்க வைக்கிறோம், நாளைக்கு அவன் நாட்டுக்கும் விடுதலை வரும், அப்போது அவன் யாரை நினைப்பான் என்பது அந்தப் பதில். எனக்கும் பெருமை தாங்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில், எங்கள் அப்பாதான் ஆப்பிரிக்காவுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்கிறார் என்று சொல்லி வைத்தேன்.

வந்தவர் நல்ல உயரம். எங்கள் நடைவாசலில் குனிந்துதான் வர வேண்டியிருந்தது. அவர் பெயர் அத்தையின் வாயில் நுழையவில்லை. அப்பாவின் அக்காவான அத்தைதான் எங்கள் அடுக்களைக்கு ராணி. எங்கள் பக்கத்தில் மருமகன்மாரைத் தேரூர்க்காரர், தாழக்குடிக்காரர் என்று ஊர் சொல்லி அழைப்பதுபோல, அத்தை அவருக்கு நைரோபிக்காரர் என்று பெயர் வைத்தாள். அவருடைய ஊர் நைரோபியிலிருந்து எத்தனையோ மைல் தள்ளி மலையில் இருக்கிறது என்று அண்ணன் சொல்லிப் பார்த்தான். யார் கேட்டார்கள்?

முதல் இரண்டு நாளும் அப்பா வகுத்தபடியே போயிற்று. அவியலும் எரிசேரியும் பாயசமுமாக விருந்து. நான் அவருக்கு ஓலையில் காற்றாடி செய்து கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு அவர் முற்றத்தில் ஓடினார். அவர் தமிழ் பேசவில்லை, நான் இங்கிலீஷ் பேசவில்லை, அது இருவருக்கும் ஒரு குறையாகவும் இல்லை. அவர் என் சொத்து என்றே நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் எங்கள் வயலில் கன்னிப்பூ அறுப்பு, வருஷத்தின் முதல் போகம். களத்தில் அடித்துத் தூற்றிய நெல்லைக் குவித்திருந்தார்கள். அந்தக் குவியலுக்குப் பொலி என்று பெயர். பொலி கிடக்கிற களத்தில் யாரும் காலில் செருப்போடு ஏறுவதில்லை. இது யாரும் யாருக்கும் சொல்லித் தருகிற காரியம் இல்லை. அதனால்தான் அண்ணனுக்கும் சொல்லத் தோன்றவில்லை. விவசாயம் படிக்கிறவர் அல்லவா, நெல்லைப் பக்கத்தில் பார்க்கும் ஆசையில் நைரோபிக்காரர் பளபளவென்ற பூட்ஸோடு நேரே களத்தில் ஏறிவிட்டார்.

“ஏலே, செருப்பக் கழத்துலே” என்று அத்தை போட்ட சத்தத்தில் அறுப்புக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாஷை தெரியாவிட்டாலும் தன் காலை நோக்கி நீண்ட கை அவருக்குப் புரிந்தது. அவர் அசையாமல் நின்றார். காற்றாடி பிடித்து ஓடிய முகமாகவே அது இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அப்பா ஓடி வந்தார். சர்க்கார் விருந்தாளியைப் பார்த்து ஏலே என்பதா என்று அத்தையிடம் பல்லைக் கடித்தார். அத்தை அசரவில்லை.

“சர்க்காரே வந்தாலும் செருப்புப் போட்டுட்டுப் பொலியில ஏற முடியுமா?” என்றாள்.

அண்ணன் அவரிடம் தணிந்த குரலில் என்னவோ சொன்னான். அவர் சுற்றிலும் பார்த்தார். அப்பாவின் காலைப் பார்த்தார், வெறுங்கால். அண்ணன் காலும் அப்படியே. நெல் பார்க்க வந்திருந்த கிராம அதிகாரியின் தோல் செருப்பு வரப்போரம் கிடந்தது. அதன் பக்கத்தில்தான் அப்பாவின் செருப்பும் கிடந்தது. அதையும் பார்த்தார். பிறகு வரப்பில் போய் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். திரும்பி வந்து குனிந்து ஒரு கை நெல்லை அள்ளி முகர்ந்தார். அன்று முழுக்க அவர் களத்தை விட்டுப் போகவில்லை. சுளகை வாங்கித் தூற்றினார். சாயங்காலம் அத்தை அவருக்குக் கஞ்சியை வட்டிலில் ஊற்றி, பக்கத்தில் இருந்து விசிறினாள். சத்தம் போட்டதற்கு மன்னிப்பெல்லாம் அத்தைக்குக் கேட்கத் தெரியாது, இதுதான் தெரியும்.

அப்பாவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. இத்தனை பாடுபட்டும் இந்த ஏலே டெல்லிக்குப் போகப் போகிறதே என்று புலம்பினார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் நைரோபிக்காரர் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எழுதி முடித்தார். அண்ணனிடம் கொடுத்து, முதலில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். மனசுக்குக் கஷ்டமாக ஏதும் இருந்தால் தயங்காமல் அடித்துவிடலாம், தான் தப்பாக நினைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தோப்புப் பக்கம் போய்விட்டார்.

அண்ணன் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னான். விருந்து ஒரே வரியில் முடிந்தது. கக்கூஸைப் பற்றிப் பேச்சே இல்லை. மீதி எல்லாம் களம்தான். அவருடைய அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரையின் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவராம். துரை முன்னால் போகிறபோதெல்லாம் தொப்பியையும் செருப்பையும் கழற்ற வேண்டுமாம். கப்பல் ஏறும்போது வாங்கிய பூட்ஸை இனி யார் சொன்னாலும் கழற்றுவதில்லை என்று வைத்திருந்தாராம். ‘இந்த வீட்டில் கழற்றினேன். இங்கே செருப்பைக் கழற்றுவது ஒரு மனிதனுக்காக அல்ல, நெல்லுக்காக. நிலத்துக்காரரும் அதிகாரியும் எனக்கு முன்பே கழற்றியிருந்தார்கள்’ என்று எழுதியிருந்தார்.

அப்பா மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். அத்தை, இதைத்தானே நானும் சொன்னேன் என்பதுபோல எல்லார் முகத்தையும் பார்த்தாள். அண்ணன் தாளை மடக்கினான்.

எனக்கு இங்கிலீஷில் எழுத்துக்கள் மட்டும்தான் தெரியும். ஆனால் அவன் விரல் எந்த வரியில் நின்றது என்று பார்க்கத் தெரியும். அவர் என் சொத்து ஆயிற்றே, ஒரு வரியைக்கூட விட எனக்கு மனசில்லை.

“அண்ணா, கீழ இன்னும் நாலு வரி கெடக்கே” என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அப்பா வாசிக்கச் சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தான். நண்பனின் தந்தை வயலில் நடந்து போகும்போது அறுக்கிற ஆட்கள் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார்கள். அவரைவிட மூத்தவர்களும் அப்படியே செய்கிறார்கள். இது எதற்கு என்று நண்பனிடம் கேட்டேன், பழைய வழக்கம் என்றான். எங்கள் ஊர்த் துரையும் அதையேதான் சொல்லுவார்.

முற்றத்தில் மூத்த அறுப்புக்காரர் கூலி நெல்லுக்காகக் காத்து நின்றார். அவருடைய துண்டு கக்கத்தில்தான் இருந்தது. அப்பா வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தினமும் பார்க்கிறவர்தான்.

அண்ணன் பேனாவை எடுத்தான். அவர்தான் அடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறாரே, இந்த நாலை மட்டும் அடித்துவிடுகிறேன் என்றான். அத்தையும் அதுதான் சரி என்றாள். நம் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு நம் மானத்தை டெல்லிக்கு அனுப்புவதா என்று கேட்டாள்.

“வெட்டாண்டாம்லே மக்கா” என்றார் அப்பா. “உள்ளதத்தான எழுதியிருக்கான். அப்படியே போட்டும்.”

அப்படியே போயிற்று. டெல்லியில் அதை யார் வாசித்தார்கள், வாசித்தார்களா என்பதே எங்களுக்குத் தெரியாது. அடுத்த போகமான கும்பப்பூ அறுப்பின்போது அப்பா வயல்வரப்பில் நின்று, துண்டு தோளிலேயே கிடக்கட்டும் என்று ஆட்களிடம் சொன்னார். மூத்தவருக்குக் கை தானாகத் தோளுக்குப் போய்ப் போய் வந்தது. அந்தப் பழக்கம் விட இரண்டு மூன்று அறுப்பு ஆயிற்று.

இன்றைக்கு எங்கள் அப்பாவைப் பற்றி யாராவது கேட்டால், நான் முதலில் சொல்லுவது ‘வெட்டாண்டாம்’ என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான். தன்னைப் பற்றி எழுதிய உண்மையை அடிக்கக் கையில் பேனா இருந்தும் அடிக்காமல் விட்ட மனிதருக்கு நான் மகள். ஆனால் அன்றைக்கு எனக்கு எல்லாம் தலைகீழாகத்தான் தெரிந்தது. நம் காசில் படிக்க வந்தவர் நம்மைக் கோள் சொல்லிவிட்டார், அப்பா தோற்றுப் போய்விட்டார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் பஸ் ஏறுமுன் நைரோபிக்காரர் குனிந்து என்னிடம் கையை நீட்டி, நான் சொல்லிக்கொண்டு திரிந்த அந்தக் ‘குட் மார்னிங்’கை அவரே சொன்னார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பஸ் வளைவு திரும்புகிற வரைக்கும் அவர் ஜன்னலில் கையசைத்துக்கொண்டே போனார். அப்பா இங்கிருந்து அசைத்தார். நான் அசைக்கவில்லை.