பறித்துத் தின்னும் உரிமை

பிக்குன் என்றால் மகிழம்பூ. பெயர் வைத்தவர்கள் அவள் பேச்சைக் கேட்பதற்கு முன்பே வைத்துவிட்டார்கள். கலசின் பக்கம் எங்கள் ஊரில் பிறந்து, பாதி ஆயுசைப் பூக்கெட்டில் ஒரு ஹோட்டலின் படுக்கை விரிப்புகளை வெளுத்தே கழித்தவள். அங்கேதான் அவளுக்கு ஊர்ஸ் கிடைத்தான். சுவிட்சர்லாந்தில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஆள் நெடுநெடுவென்று உயரம், கழுத்தும் நீளம். அவன் பெயர் எங்கள் வாயில் நுழைந்து வெளியே வரும்போது ‘ஊட்’ ஆகிவிட்டது. எங்கள் பேச்சில் ஊட் என்றால் ஒட்டகம். அவனுக்கு அர்த்தம் தெரிந்தபோது அந்தப் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது, அவனும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டான்.

அவன் சேமிப்பு முழுவதையும் கொட்டி நாலு ராய், அதாவது ஒன்றரை ஏக்கர் சொச்சம் நிலம் வாங்கி, வீடு கட்டினார்கள். பரங்கிக்காரன் பெயரில் மண்ணை எழுத எங்கள் சட்டம் இடம் கொடுக்காது. பத்திரம் பிக்குன் பெயரில் ஆனது. ஆனால் ஊட் பயந்த சுபாவம். அவனுடைய கூட்டாளி ஒருவன் இப்படித்தான் நிலம் வாங்கி, கடைசியில் ஒரே ஒரு சூட்கேஸோடு விமான நிலையத்தில் நின்றான். அதனால் கல்யாணத்துக்கு முன்பே ஊட் ஒரு வக்கீலைப் பிடித்து, பத்திரத்தின் பின்பக்கத்தில் தன் பெயரை ஏற்றச் சொன்னான். நிலம் யார் கைக்குப் போனாலும், அவன் சாகும்வரை அதில் குடியிருக்கலாம், விளைவதை அனுபவிக்கலாம். பதிவு அலுவலகத்தில் அதற்குப் பெயர் ‘பறித்துத் தின்னும் உரிமை’.

“இவர் உங்களுக்கு என்ன உறவுக்கா?” என்று கேட்டாள் பதிவு செய்த பெண்.

“என்னைக் கட்டிக்கப்போறவரு. கட்டிக்குவாரு, நம்ப மட்டும் மாட்டாரு” என்றாள் பிக்குன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அவள் தம்பி தவீ சும்மா இருப்பானா? தன் பங்கு வயலைச் சேவல் சண்டையில் தொலைத்தவன், அக்காவின் நிலத்தைப் பற்றிப் பேச மட்டும் முதல் ஆளாக வந்தான். “அக்கா, ஒட்டகம் மேயறதுக்கு சர்க்கார் முத்திரை வாங்கிடுச்சாமே? நீ இனிமே வெறும் புல்லுக்கட்டு.”

அந்த வார்த்தை முள்ளாகத் தங்கிவிட்டது. குழம்பில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் சண்டை அங்கேதான் போய் நிற்கும். “போ, போய்ப் பறிச்சுத் தின்னு. உனக்குத்தான் உரிமை இருக்கே” என்பாள். அவன் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவான். அங்கே அவன் வைத்த கொய்யாமரம் ஒன்று இருந்தது. கொய்யாவுக்கும் வெள்ளைக்காரனுக்கும் எங்கள் பேச்சில் ஒரே பெயர், பரங்கி. அந்த வேடிக்கைக்காகவே அந்த மரத்தை வைத்தான்.

கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் கழித்து, ஒரு புத்தாண்டு முடிந்த வாரம், வக்கீல் தலையில் அடித்துக்கொண்டதைக் காதில் வாங்காமல், ஊட் அவளைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போய்த் தன் பெயரை அடித்துவிட்டான். “எனக்கு முத்திரை வேணாம். பெண்டாட்டி போதும்” என்றான், தனக்குத் தெரிந்த அரைகுறையான எங்கள் ஊர் ஈசான் பேச்சில். அன்று அவள் தெருவில் போனவர்களை எல்லாம் கூப்பிட்டு மூங்கில் குருத்துக் குழம்பு ஊற்றினாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் பார்த்ததில்லை, அப்புறமும் பார்க்கவில்லை.

அப்புறம் அவள் கண் மஞ்சளாயிற்று. ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்தித் தின்று வளர்ந்த ஊர் எங்களுடையது. அந்த மஞ்சளுக்கு என்ன பெயர் என்று டாக்டர் சொல்லாமலே எங்களுக்குத் தெரியும். பச்சை மீனின் புழு பித்தநாளத்தில் வைக்கும் புற்று. அறுவை செய்யும் கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள்.

தவீ அடிக்கடி வர ஆரம்பித்தான். கையில் ஆரஞ்சுப் பழம் இருக்கும், கண் வேலி மேலே இருக்கும். ஒருநாள் அவள் தூங்குகிறாள் என்று நினைத்து, ஜன்னலுக்கு வெளியே போனில் யாரிடமோ பேசினான்.

“ரோட்டோர இடம்ணே, இப்பவே விலை பேசிக்கலாம். அக்காவுக்குப் பிள்ளை இல்ல, அவ போனா எனக்குத்தான். பரங்கியா? பரங்கி பேர்ல மண்ணு நிக்காதுண்ணே. அவனுக்குப் பங்குன்னு ஏதாவது வந்தாலும் வித்துட்டுப் போகவேண்டியதுதான். டிக்கெட்டு நானே எடுத்துக் குடுத்துருவேன்.”

பிக்குன் கண்ணைத் திறக்கவில்லை. ஊட் எழுபதைத் தாண்டிய மனிதன். சுவிட்சர்லாந்தில் அவனுக்கு வீடும் கிடையாது, ஆளும் கிடையாது. இருந்ததையெல்லாம் விற்றுத்தான் இந்த மண்ணில் போட்டான். தன்னைக் காத்துக்கொள்ள அவன் போட்டு வைத்த ஒரே வேலியைத் தன் ரோஷம்தான் பிடுங்கிப் போட்டது என்பது அவளுக்கு வயிற்று வலியைவிட அதிகமாக வலித்தது. அவன் பெயரை மறுபடி பத்திரத்தில் ஏற்ற, மறுநாளே அவனை இழுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனாள். அதே பெண்தான் இருந்தாள், இப்போது கண்ணாடி போட்டிருந்தாள்.

“புருஷன் பெண்டாட்டிக்குள்ள இதை நாங்க இப்பப் பதியறதில்லக்கா. தம்பதிக்குள்ள போட்டுக்கற ஒப்பந்தம், கோர்ட்டுக்குப் போனா நிக்காது.”

“அன்னிக்கு மட்டும் பதிஞ்சீங்களே?”

“அன்னிக்கு நீங்க தம்பதி இல்லையே.”

பிக்குன் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு எழுந்து ஊட்டின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பிக்கப்பில் ஏறி உட்கார்ந்ததும், “வட்டாட்சி ஆபீசுக்கு விடு. விவாகரத்து வாங்கணும்” என்றாள்.

அவன் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டான். “முடியாது.”

“ரெண்டு சாட்சி இருந்தா அரை மணி நேர வேலை.”

“வீடு போகட்டும். நிலம் போகட்டும். நான் உன் புருஷனாத்தான் இருப்பேன்.”

“எத்தனை நாளைக்கு? நான் போன மறுநாள் நீ ரோட்டுல நிப்பே. அதை நினைச்சுக்கிட்டு நான் எப்படிய்யா கண்ணை மூடறது?” அவளுக்கு மூச்சு வாங்கியது. “அன்னிக்கு நீ முத்திரை கேட்டே, நான் குதிச்சேன். அப்புறம் பெண்டாட்டி போதும்னு அடிச்சே, நான் ஊருக்கே குழம்பு ஊத்துனேன். ரெண்டு தடவையும் புத்தி இல்லாதவ நான்தான். இப்ப பெண்டாட்டி சொல்றேன். கேளு.”

அவனுக்கு ஒரு வாரம் பிடித்தது. கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் மாத்திரை சாப்பிட மாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டாள். அதற்குத்தான் அவன் மசிந்தான்.

வட்டாட்சி அலுவலகத்தில் காரணம் கேட்டார்கள். “ஒத்துப்போகல” என்றாள். நிற்க முடியாமல் அவன் தோளில் சாய்ந்துகொண்டுதான் அதைச் சொன்னாள். குமாஸ்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டான். சாட்சிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரிகள் கையெழுத்துப் போட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடினார்கள். கண்ணைத் துடைக்க அவர்களுக்கு வேறு இடம் இல்லை.

அங்கிருந்து நேராகப் பதிவு அலுவலகம். கண்ணாடி போட்ட பெண் விவாகரத்துச் சான்றைப் படித்தாள். பிறகு பிக்குனின் மஞ்சள் முகத்தைப் பார்த்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டுப் பதிய வேண்டியதைக் கேட்டுத்தானே ஆகவேண்டும்.

“இவர் உங்களுக்கு... என்ன உறவுக்கா?”

அந்தக் கேள்வி புரியும் அளவுக்கு ஊட்டுக்குப் பாஷை தெரியும். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஒரு உறவும் இல்லம்மா” என்றாள் பிக்குன்.

அந்தப் பெண் எழுதினாள். பத்திரத்தின் பின்பக்கத்தில் அவன் பெயர் மறுபடியும் ஏறியது, சாகும்வரை என்று. இனி நிலம் தவீயிடம் போகட்டும், வேறு யாரிடமும் போகட்டும், அவனை அங்கிருந்து யாரும் அசைக்க முடியாது. பிக்குன் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தாள்.

வெளியே வந்து அவளைத் தூக்கி பிக்கப்பில் உட்கார வைத்தான். சாவியைப் போட்டான். திருகாமல் அவளைப் பார்த்தான்.

“ஏ ஒட்டகம்” என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டே. “இப்ப வீடு உன்னோடது. வாடகை எவ்வளவுன்னு சொல்லிடு. கொஞ்ச நாளைக்குத்தான்.”